உரிமையும் உரிமமும்: கணினி மாறும்போது மென்பொருள் யாருடையது?



இந்த உரைத்தொடரில் இலக்கியத்தையும் இலக்கணத்தையும் பேசக் கேட்டுப் பழகிய நமக்கு, மென்பொருள் உரிமம் என்னும் இன்றைய தலைப்பு சற்றே அயலானதாகத் தோன்றலாம். ஆயினும், பள்ளிகளும் கல்லூரிகளும் அலுவலகங்களும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை தம் கணினிகளை மாற்றுகின்றன. அவ்வாறு மாற்றும்போது பழைய விற்பனையாளரை விட்டு வேறொருவரிடம் செல்வதும் உண்டு. குறைந்த விலைக்கு நல்ல கருவி கிடைத்தது என்று மகிழ்ந்திருக்கும் வேளையில் ஒரு கேள்வி எழுகிறது: பழைய கணினிகளில் நாம் பணம் கொடுத்துப் பெற்ற மென்பொருளைப் புதிய கணினிகளுக்குக் கொண்டு செல்லலாமா?

இதனைக் கணினித் துறையினரும் கணக்குப் பிரிவினரும் பார்த்துக்கொள்ளட்டும் என்று விட்டுவிடுவதே நம் வழக்கம். ஆனால் இக்கேள்விக்கான விடை கணினிக்குள் இல்லை. ஓர் ஒப்பந்தத்தின் சொற்களுக்குள் இருக்கிறது. யார், எதனை, எந்தக் கருவியில், எத்தனை பேர்க்காக, எதுவரை பயன்படுத்தலாம் என்று அச்சொற்கள் வரையறுக்கின்றன. எனவே இது படித்துப் பொருளுணரும் திறனைப் பற்றிய கேள்வி. மொழி கற்பிப்போர்க்கும் கற்போர்க்கும் உரிய கேள்வி.

நாம் இவ்வுரையில் நிறுவ விழைவது ஒன்றே. கருவியை நாம் விலைக்கு வாங்குகிறோம். மென்பொருளையோ பெரும்பாலும் பயன்படுத்துவதற்கு இசைவு மட்டும் பெறுகிறோம். அந்த இசைவு எதனோடு கட்டப்பட்டிருக்கிறது என்பதைக் கருவியை மாற்றிய பின்னர் அறிவதால் பயனில்லை; மாற்றுவதற்கு முன்னரே படித்தறிதல் வேண்டும்.

இரு சொற்கள்

உரிமை, உரிமம் ஆகிய இரண்டும் ஒரே வேரிலிருந்து பிறந்த சொற்கள். உரிமை என்பது ஒருவர்க்கு உரியதாந் தன்மை. உரிமம் என்பது, ஒன்றைச் செய்வதற்கு அதற்கு அதிகாரமுடைய மற்றொருவர் அளிக்கும் இசைவு. ஓட்டுநர் உரிமம் பெற்றவர் வண்டியின் உடைமையாளர் ஆகிவிடுவதில்லை என்பது நம் அனைவர்க்கும் தெரியும். ஆனால் மென்பொருளைப் பொறுத்தவரை, "இதை வாங்கிவிட்டோம்" என்று சொல்லும்போது உரிமத்தை உரிமையாக எண்ணிவிடுகிறோம்.

உடைமையின் வகைகளைப் பிரித்துணர்வது தமிழர்க்குப் புதிதன்று. இடைக்காலக் கல்வெட்டுகளில் காராண்மை, மீயாட்சி என்னும் சொற்கள் வருகின்றன. நிலத்தை உழுது பயன்கொள்ளும் உரிமை காராண்மை. அந்நிலத்தின்மேல் நிற்கும் மேலுரிமை மீயாட்சி. ஒரே நிலத்தில் இருவர்க்கு இருவகை உரிமை இருக்கக்கூடும் என்பதை அன்றைய ஆவணங்கள் தெளிவாகப் பதிந்தன. நிலம் கைமாறும்போது நான்கெல்லை மட்டுமன்றி, அதில் நிற்கும் மரமும் தோண்டிய கிணறும் உட்பட எவையெவை சேர்ந்து போகின்றன என்று எண்ணி எழுதிவைத்தனர். எழுதப்படாதது பின்னாளில் வழக்காகும் என்பதை அவர்கள் அறிந்திருந்தனர்.

இன்றைய வாழ்விலிருந்தும் சான்று காட்டலாம். சிங்கப்பூரில் வீடமைப்பு வளர்ச்சிக் கழக வீட்டைச் "சொந்த வீடு" என்றே சொல்கிறோம். அது 99 ஆண்டுக் குத்தகை என்பதும் நமக்குத் தெரியும். மலேசியாவில் நிலம் வாங்குவோர், அது நிரந்தர உடைமையா, குத்தகையா என்பதை முதலில் பார்ப்பர். வீட்டுக்கும் நிலத்துக்கும் காட்டும் இந்த விழிப்பை மென்பொருளுக்கும் காட்டுதல் வேண்டும்.

கருவியும் மென்பொருளும் பிரிந்த கதை

தொடக்கத்தில் இச்சிக்கல் இல்லை. 1960களில் பெருங்கணினி வாங்கியவர்க்கு மென்பொருளும் அதனோடு சேர்ந்தே வந்தது. தனி விலை இல்லை. 1969ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் ஐபிஎம் நிறுவனம், மென்பொருளுக்கும் சேவைகளுக்கும் இனித் தனித்தனியே விலை வைக்கப்போவதாக அறிவித்தது. மென்பொருள் தனிப் பண்டமாக வளர்ந்த வரலாற்றில் அது ஒரு திருப்பம்.

இதனை ஒட்டியே, ஒருவர் மென்பொருளை மற்றொருவர் கருவியில் இயக்கும் வாய்ப்பும் பிறந்தது. ஐபிஎம் சிஸ்டம் 360 கணினியின் தலைமை வடிவமைப்பாளராக இருந்த ஜீன் அம்டால், 1970இல் தனி நிறுவனம் தொடங்கினார். அதன் முதல் பெருங்கணினி 1975இல் வெளிவந்தது. ஐபிஎம் கணினிக்காக எழுதப்பட்ட இயங்குதளம் அதிலும் இயங்கியது. வாடிக்கையாளர் கருவி விற்பனையாளரை மாற்றியும் தம் மென்பொருளைத் தொடர்ந்து பயன்படுத்த முடிந்தது.

எல்லா நிறுவனங்களும் அதற்கு இடம் தரவில்லை. டேட்டா ஜெனரல் என்னும் அமெரிக்க நிறுவனம், ஆர்டாஸ் என்ற தன் இயங்குதளத்தைத் தன்னுடைய நோவா வகைக் கணினியை வாங்குவோர்க்கு மட்டுமே உரிமம் தந்தது. நோவாவைப் போலவே இயங்கும் கருவிகளைச் செய்த டிஜிடைன் முதலிய போட்டியாளர்கள் வழக்குத் தொடுத்தனர். ஒரு பண்டத்தைப் பெற மற்றொன்றையும் வாங்கியாக வேண்டும் என்று கட்டாயப்படுத்துவது போட்டிச் சட்டத்திற்கு முரணானது என்பது அவர்கள் வாதம். 1984இல் அமெரிக்காவின் ஒன்பதாம் வட்டார மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் தீர்ப்பளித்தது.

பழைய மென்பொருளுக்காகத் தாங்கள் எழுதிச் சேர்த்த நிரல்களையெல்லாம் வாடிக்கையாளர் எளிதில் கைவிட முடியாது. ஆகவே உரிமத்தில் எழுதப்பட்ட ஒற்றை நிபந்தனை அவர்களைப் பழைய கருவியோடே கட்டிப்போட்டது. பல பத்தாண்டுகளுக்கு முன் எழுந்த இந்தக் கட்டு, வேறு வடிவங்களில் இன்றும் இருக்கிறது.

உரிமத்தின் வகைகள்

இன்று நிறுவனங்கள் பெறும் உரிமங்களை, எதனோடு கட்டப்பட்டவை என்ற நோக்கில் நான்காகப் பிரிக்கலாம்.

முதலாவது, கருவியோடு கட்டப்பட்ட உரிமம். கணினி செய்பவர் மென்பொருளையும் உள்ளே நிறுவித் தருகிறார். விலை குறைவாக இருக்கும். ஆனால் அந்த உரிமம் அந்தக் கருவியோடு பிறந்து அந்தக் கருவியோடே முடிகிறது. மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் இயங்குதளம் புதிய கணினியோடு சேர்ந்து வரும்போது பொதுவாக இவ்வகையினதே. பழைய கணினியைக் கழிவுக்குக் கொடுத்துவிட்டு, அதன் உரிமத்தை வேறு விற்பனையாளரின் கணினிக்குக் கொண்டுபோக இவ்வகையில் இடமில்லை.

இரண்டாவது, நிறுவனத்தோடு கட்டப்பட்ட தொகுதி உரிமம். நூறு கணினிக்கு என்று மொத்தமாகப் பெறுவது. இதனைக் கருவி விட்டுக் கருவி மாற்றலாம். ஆயினும் அதற்கும் வரம்புண்டு. விண்டோஸ் சர்வர் தொகுதி உரிமத்தை ஒரு கருவிக்கு ஒதுக்கிய பின், கருவி நிரந்தரமாகப் பழுதடைந்தாலன்றி, 90 நாளுக்குள் வேறொன்றுக்கு மாற்றக் கூடாது என்பது பொது விதி. மேசைக் கணினிக்கான விண்டோஸ் தொகுதி உரிமமோ மேம்படுத்தும் உரிமம் மட்டுமே. அடிப்படை இயங்குதள உரிமம் கருவியோடு ஏற்கனவே வந்திருத்தல் வேண்டும். "நம்மிடம்தான் தொகுதி உரிமம் இருக்கிறதே" என்று எண்ணி, இயங்குதளம் இல்லாத கணினிகளை மலிவாக வாங்கும் பள்ளி, பின்னர் அடிப்படை உரிமத்துக்குத் தனியே பணம் கட்ட நேரிடும்.

மூன்றாவது, காலத்தோடு கட்டப்பட்ட சந்தா. கருவி மாறினாலும் தொல்லை குறைவு. சந்தா நின்றால் பயன்பாடும் நின்றுவிடும்.

நான்காவது, திறந்த மூல உரிமம். லினக்ஸ் முதலியவை இவ்வகை. இவற்றை எந்தக் கருவியிலும் நிறுவலாம். ஆனால் இவற்றிலும், பராமரிப்புக்காக ஒரு நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்திருந்தால் அந்த ஒப்பந்தத்தின் விதிகளைத் தனியே பார்க்க வேண்டும்.

பராமரிப்பு என்பது உரிமத்திலிருந்து வேறானது என்பதையும் இங்குக் குறிப்பிட வேண்டும். கருவி விற்பனையாளர் வாயிலாக வாங்கிய மென்பொருளைச் சட்டப்படி வேறு கருவிக்கு மாற்ற முடிந்தாலும், பழுது நேர்ந்தால் உதவி செய்யும் பொறுப்பு பழைய விற்பனையாளரிடமே தங்கிவிடுவது உண்டு. அவர் பிறர் கருவியைத் தொடமாட்டார். புதிய விற்பனையாளரோ தாம் விற்காத மென்பொருளுக்குப் பொறுப்பேற்கமாட்டார். உரிமம் கையில் இருக்கும், உதவி இருக்காது.

அளவுகோல் எது?

எதனோடு கட்டப்பட்டது என்று அறிந்தபின், எதனைக் கொண்டு அளக்கப்படுகிறது என்று பார்க்க வேண்டும். கணினி ஒவ்வொன்றுக்குமா? நுண்செயலி ஒவ்வொன்றுக்குமா? நுண்செயலிக்குள் இருக்கும் "கோர்" என்னும் கணிப்பு மையம் ஒவ்வொன்றுக்குமா? பயனர் ஒவ்வொருவர்க்குமா?

ஒரு கல்லூரியை எண்ணிப் பார்ப்போம். அதனிடம் சர்வர் எனப்படும் சேவையகக் கணினிகள் நான்கு உள்ளன. ஒவ்வொன்றிலும் இரண்டு நுண்செயலி. நுண்செயலி ஒன்றுக்கு 8 கோர். ஆக 8 நுண்செயலி, 64 கோர். அவற்றுக்கு மாற்றாக வேறொரு விற்பனையாளரிடம் இரண்டே கணினி வாங்குகிறது. ஒவ்வொன்றிலும் இரண்டு நுண்செயலி. நுண்செயலி ஒன்றுக்கு 32 கோர். ஆக 4 நுண்செயலி, 128 கோர். கணினிகளின் எண்ணிக்கை பாதியாயிற்று. உரிமத்தின் கணக்கு என்னவாகும்?

விண்டோஸ் சர்வர் 2016ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் கோர் கணக்கில் உரிமம் பெறுகிறது. நுண்செயலிக்குக் குறைந்தது 8, கணினிக்குக் குறைந்தது 16 கோர். அந்தக் கணக்கில் கல்லூரிக்குத் தேவையான உரிமம் 64இலிருந்து 128 ஆகி இரட்டிக்கிறது. ஒரே கணினிக்குள் பல மெய்நிகர் கணினிகளை இயக்க உதவும் விஎம்வேர் மென்பொருளோ முன்பு நுண்செயலிக்கு ஓர் உரிமம் என்று அளந்தது. 2020 ஏப்ரல் முதல், ஒரு நுண்செயலியில் 32 கோருக்கு மேல் இருந்தால் இன்னோர் உரிமம் வேண்டும் என்றது. அந்தக் கணக்கில் 8 உரிமம் 4 ஆகிப் பாதியாகக் குறைகிறது. 2023 நவம்பரில் பிராட்காம் நிறுவனம் விஎம்வேரை வாங்கியபின், நிரந்தர உரிம விற்பனை நிறுத்தப்பட்டது. கோர் கணக்கில் சந்தா என்றும், நுண்செயலி ஒன்றுக்குக் குறைந்தது 16 கோர் என்றும் ஆயிற்று. அந்தக் கணக்கில் பழைய கணினிகளுக்கும் 128, புதியவற்றுக்கும் 128.

ஒரே மாற்றம், ஓர் அளவுகோலில் செலவு இரட்டிக்கிறது, ஒன்றில் பாதியாகிறது, ஒன்றில் மாறவே இல்லை. கருவிகளின் விலைப்பட்டியலை மட்டும் ஒப்பிட்டு விற்பனையாளரைத் தேர்ந்தால் இந்த வேறுபாடு கண்ணில் படாது. ஒப்பந்தத்தில் "நுண்செயலி" என்று எழுதியிருக்கிறதா, "கோர்" என்று எழுதியிருக்கிறதா என்ற ஒரு சொல்லில்தான் அது அடங்கியிருக்கிறது.

உரிமம் இருந்தும் எதிர்காலம் இல்லாத நிலை

உரிமம் கையில் இருந்தும் கருவி மாற்றம் திணிக்கப்படுவதும் உண்டு. ஆரக்கிள் நிறுவனத்தின் தரவுத்தள மென்பொருளை, எச்பி நிறுவனத்தின் ஐட்டேனியம் வகைக் கணினிகளில் பல நிறுவனங்கள் பயன்படுத்தி வந்தன. 2010இல் ஆரக்கிள், கணினி செய்யும் சன் நிறுவனத்தை வாங்கித் தானும் கருவி விற்பனையாளர் ஆயிற்று. 2011 மார்ச் மாதம், ஐட்டேனியம் கருவிகளுக்கான மென்பொருள் மேம்பாட்டை நிறுத்துவதாக அறிவித்தது. வாடிக்கையாளரின் உரிமம் செல்லும். இருக்கும் பதிப்பை இயக்கலாம். ஆனால் புதிய பதிப்பு வேண்டுமெனில் கருவியை மாற்றியாக வேண்டும்.

எச்பி வழக்குத் தொடுத்தது. இரு நிறுவனங்களும் 2010இல் வேறொரு பூசலைத் தீர்த்துக்கொள்ளச் செய்த உடன்பாட்டில், தம் கூட்டுறவைத் தொடர்வது பற்றி ஒரு பத்தி இருந்தது. அப்பத்தி நல்லெண்ணத்தைச் சொல்வதா, கடமையை விதிப்பதா என்பதே வழக்கின் மையம். அது கடமையையே விதிக்கிறது என்று கலிபோர்னிய நீதிமன்றம் 2012இல் பொருள் கொண்டது. 2016இல் நடுவர் குழு 300 கோடி அமெரிக்க டாலர் இழப்பீடு விதித்தது. மேல்முறையீட்டிலும் 2021இல் அது உறுதியாயிற்று. சில வாக்கியங்களின் பொருளுக்காக நடந்த வழக்கு இது. சொல்லின் பொருளுணர்தல் எத்துணை விலையுள்ள கலை என்பதற்கு மாணவர்க்கு இதனினும் நல்ல சான்று காட்டுதல் அரிது.

நாட்டுக்கு நாடு

பயன்படுத்தாத உரிமத்தைப் பிறர்க்கு விற்கலாமா என்பதிலும் நாடுகள் ஒருமித்த கருத்துடையன அல்ல. அமெரிக்காவில், ஆட்டோகேட் என்னும் வரைவு மென்பொருளின் பழைய பதிப்புத் தட்டுகளைக் கட்டடக்கலை நிறுவனம் ஒன்று விற்றுவிட்டது. வாங்கியவர் அவற்றை மறுவிற்பனைக்கு வைத்தார். 2010இல் வெர்னர் எதிர் ஆட்டோடெஸ்க் என்னும் அவ்வழக்கில், முதலில் பெற்றவர் உரிமம் பெற்றவரேயன்றி உடைமையாளர் அல்லர். ஆகவே அவர் விற்றதும் செல்லாது என்று மேல்முறையீட்டு நீதிமன்றம் கூறியது.

ஐரோப்பாவில் வேறு வழி. 2012 ஜூலை 3ஆம் நாள் யூஸ்டுசாப்ட் எதிர் ஆரக்கிள் வழக்கில், விலை பெற்று நிரந்தரமாகத் தந்த உரிமம் விற்பனைக்கு ஒப்பானது என்று ஐரோப்பிய நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஆகவே அதனை மறுவிற்பனை செய்யலாம். ஆனால் விற்பவர் தம்மிடமுள்ள படியைப் பயன்படாதபடி செய்துவிட வேண்டும். 25 பேர்க்கெனப் பெற்ற தொகுதியைப் பிரித்து, தமக்கு மிகையானதை மட்டும் விற்கக் கூடாது. அதற்கு முன்பே, 2000 ஜூலையில், கணினியோடு சேர்த்தே விற்க வேண்டும் என்ற நிபந்தனை பின்னர் வாங்கியவரைக் கட்டுப்படுத்தாது என்று ஜெர்மனியின் கூட்டாட்சி நீதிமன்றம் கூறியிருந்தது.

நம் இரு நாடுகளிலும் கணினி நிரல் பதிப்புரிமைச் சட்டத்தின் காப்புக்கு உட்பட்டது: மலேசியாவில் 1987ஆம் ஆண்டுச் சட்டம், சிங்கப்பூரில் 2021 நவம்பர் 21 முதல் நடப்பில் உள்ள 2021ஆம் ஆண்டுச் சட்டம். மென்பொருளை முறையாகப் பெற்றவர் இழப்புக்கு எதிராகக் காப்புப்படி எடுத்துவைக்க இரண்டும் இடம் தருகின்றன. காப்புப்படியை வேறொரு கணினியில் நிறுவிக் கூடுதலாகப் பயன்படுத்துவது அந்த இசைவில் அடங்காது. வெளிநாட்டுத் தீர்ப்பைக் கேள்வியுற்று அதுவே இங்கும் செல்லும் என்று கொள்ளுதலும் தகாது. ஒப்பந்தம் எந்த நாட்டுச் சட்டத்துக்கு உட்பட்டது என்ற பிரிவையும் படிக்க வேண்டும்.

மாற்றுவதற்கு முன் கேட்க வேண்டியவை

மேற்கூறியவற்றைத் தொகுத்தால், ஒப்பந்தப்புள்ளி கோருவதற்கு முன்பே ஒரு நிறுவனம் ஏழு கேள்விகளுக்கு விடை எழுதி வைத்துக்கொள்ளலாம்.

ஒன்று, நம்மிடம் உள்ள உரிமங்கள் எவை? நிறுவியிருக்கும் மென்பொருளின் பட்டியல் வேறு, உரிமங்களின் பட்டியல் வேறு, இரண்டும் வேண்டும். விலைப்பட்டி, உரிமச் சான்று, ஒப்பந்தம் ஆகிய மூன்றையும் ஓரிடத்தில் சேர்த்துவைத்தல் நன்று. இரண்டு, ஒவ்வோர் உரிமமும் எதனோடு கட்டப்பட்டது: கருவியோடா, நிறுவனத்தோடா, பயனரோடா, காலத்தோடா? மூன்று, அதன் அளவுகோல் எது. புதிய கருவியில் அந்த எண் என்னவாகும்?

நான்கு, மாற்றக் காலத்தில் இரு கருவிகளும் ஒருங்கே இயங்க இசைவு உண்டா? பழையதை ஒரே இரவில் அணைத்துவிட்டுப் புதியதை இயக்குதல் அரிது. சில கிழமைகள் இரண்டும் ஓட வேண்டியிருக்கும். அந்தக் கிழமைகளில் ஓர் உரிமம் இரண்டு கருவியில் இருப்பது மீறலாகக் கருதப்படலாம். விற்பனையாளரிடம் கேட்டு எழுத்தில் இசைவு பெற்றால் தீரும் காரியம் இது. ஐந்து, பராமரிப்புப் பொறுப்பு யாரிடம் செல்லும்? ஆறு, பழைய கருவிகளை என்ன செய்வோம்? அவற்றை மாற்றுக்கருவியாக வைத்துக்கொள்ள எண்ணினால், உரிமம் புதியதற்குப் போனபின் பழையதில் எது எஞ்சுகிறது என்று பார்க்க வேண்டும். 2014 பிப்ரவரி முதல் எச்பி நிறுவனம், தன் புரோலையன்ட் வகைச் சேவையகங்களின் அடிப்படை நிரல் மேம்பாடுகளை உத்தரவாதமோ பராமரிப்பு ஒப்பந்தமோ உள்ளவர்க்கே வழங்கும் முறையைக் கொண்டுவந்தது. ஏழு, வாய்மொழியாகக் கிடைத்த விடைகள் எழுத்தில் இருக்கின்றனவா?

தமிழெழுத்தும் உரிமமும்

இதுகாறும் கூறியவை எம்மொழியார்க்கும் பொருந்துவன. தமிழர்க்கெனத் தனியே ஓர் இழப்பு உண்டு. அதனையும் சொல்லியாக வேண்டும்.

எழுத்துருவும் ஒரு மென்பொருளே. அதற்கும் உரிமம் உண்டு. ஓர் இயங்குதளத்தோடு வரும் தமிழ் எழுத்துரு அந்த இயங்குதளத்தின் உரிமத்துக்கு உட்பட்டது. விண்டோஸ் கணினிகளிலிருந்து வேறு வகைக் கணினிகளுக்கு மாறும் பள்ளி, லதா, நிர்மலா போன்ற எழுத்துருக்களைப் படியெடுத்துக் கொண்டுபோக உரிமையுடையதன்று. ஆயினும் எழுத்துரு மாறினால் பக்கத்தின் தோற்றம் மாறுமேயன்றிச் சொல் அழியாது. ஆவணம் ஒருங்குறியில் இருந்தால்.

பழைய ஆவணங்களின் நிலை வேறு. ஒருங்குறி பரவுவதற்கு முன், தமிழை எட்டுபிட்டுக் குறியாக்கங்களில் எழுதினோம். தஸ்கி, டாம், டாப் எனப் பல முறைகள். அவற்றினும் மேலாக, ஒவ்வொரு நிறுவனமும் தன் எழுத்துருவுக்கெனத் தனியே வைத்த முறைகள். அவ்வாறு எழுதிய கோப்பில் எழுத்துருவே எழுத்தின் பொருளைத் தாங்கி நிற்கிறது. எழுத்துருவின் உரிமம் பழைய கணினியோடு முடிந்தால், அல்லது அதனைச் செய்தவர் தொழிலை விட்டுச் சென்றால், நாம் எழுதிய கட்டுரை புரியாத குறிகளின் வரிசையாக நிற்கும். கட்டுரைக்கு உரியவர் நாமே. அதைப் படிப்பதற்கான இசைவு பிறரிடம். உரிமை நம்மிடமும் உரிமம் பிறர் கையிலும் இருக்கும் நிலைக்கு இதனினும் தெளிந்த எடுத்துக்காட்டு இல்லை. ஆண்டுமலர்களும் தேர்வுத்தாள்களும் சங்க ஆவணங்களும் இந்நிலையில் இருந்தால், கணினி மாற்றத்தின்போதுதான் அவை காணாமற் போகும்.

இதற்கான மருந்தைத் தேடியவர்களுள் நம் மண்ணினரும் உளர். சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி கணியன் என்னும் தமிழ் மென்பொருளை உருவாக்கினார். குறியாக்கத்தையும் விசைப்பலகையையும் ஒருமுகப்படுத்துவது பற்றி ஆராயத் தமிழ்நெட் 97 மாநாடு சிங்கப்பூரில் நடைபெற்றது. மலேசியாவின் முத்து நெடுமாறன் முரசு அஞ்சலை உருவாக்கினார். 1991இல் வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது. 2010இல் தமிழ்நாட்டரசும் ஒருங்குறியைத் தரமாக ஏற்றது. இன்று, நோட்டோ சான்ஸ் தமிழ் போன்ற எழுத்துருக்கள் திறந்த எழுத்துரு உரிமத்தில் கிடைக்கின்றன. அவற்றை எந்தக் கணினியிலும் நிறுவலாம், பகிரலாம், எழுத்துருவைத் தனியே விற்றல் மட்டும் கூடாது.

ஆகவே நாம் கேட்ட ஏழு கேள்விகளோடு தமிழ் நிறுவனங்கள் எட்டாவது ஒன்றையும் சேர்க்க வேண்டும்: பழைய கணினியில் உள்ள தமிழ்க் கோப்புகள் எந்தக் குறியாக்கத்தில் உள்ளன? எழுத்துருவும் உரிமமும் இன்னும் உயிரோடிருக்கும்போதே அவற்றை ஒருங்குறிக்கு மாற்றி, மாற்றியதை மூலத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்துக்கொள்ள வேண்டும். கருவியை விற்பனையாளர் எடுத்துச் சென்றபின் அவ்வாய்ப்பு மீளாது.

வகுப்பறைக்கு

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். கருத்தறிதல் பயிற்சிக்குக் கதைப்பகுதியும் செய்திப்பகுதியும் தருகிறோம். ஆண்டுக்கு ஒருமுறையேனும் ஓர் ஒப்பந்தப் பிரிவையும் தரலாம். மாணவர் நாள்தோறும் "ஏற்கிறேன்" என்று தொட்டுக் கடக்கும் ஒரு செயலியின் உரிம விதிகளில் ஒரு பத்தியை எடுத்து, அதனை நல்ல தமிழில் எழுதச் சொல்லலாம். எழுவாய் யார்? "செய்யலாம்" என்கிறதா, "செய்ய வேண்டும்" என்கிறதா? "அல்லது" எங்கே, "மற்றும்" எங்கே? "தவிர" என்ற சொல்லுக்குப் பின் என்ன வருகிறது? இலக்கண வகுப்பில் கற்ற வியங்கோளும் எதிர்மறையும் உயிருள்ள பயன்பாட்டில் எப்படி இயங்குகின்றன என்பதை அவர்கள் அங்கே காண்பர்.

மாணவச் செல்வங்களுக்கு ஒரு சொல். நாளை உங்களுள் சிலர் நிறுவனங்களுக்குக் கருவி வாங்கும் பொறுப்பில் இருப்பீர்கள். சிலர் தமிழ்ச் சங்கங்களின் ஆவணங்களைக் காப்பீர்கள். அப்போது, "இது நமக்குச் சொந்தமா, நமக்கு இசைவா?" என்ற கேள்வியைக் கையெழுத்திடுவதற்கு முன் கேளுங்கள். அக்கேள்வியைக் கேட்பதற்கான சொற்கள் நம் மொழியில் நெடுங்காலமாகவே இருக்கின்றன.